துப்பட்டா நீலமா பச்சையா

அன்பு மகன் உவைஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால இங்கன சாரல் பிடிச்சு, வாப்பாவுக்கு இருமல் குறைஞ்சு, நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம், உன் கண்ணு ரெண்டும் சுகமான்னு கேட்கத்தான் இந்தக் கடிதம். போன்ல பேசினா சிக்னல் இல்லைன்னு வச்சிருவே, அதனால நாளைக்குக் கத்தார் திரும்புத ஒலி முகம்மது கையில குடுத்து விடுதேன்.

போன மாசம் குத்துக்கல்வலசை சாஜிதா போட்டோ அனுப்பினேன்லா, தென்காசியில கண்ணாடிக்கடையில கண் பார்த்து பவர் சொல்லுத பிள்ளை. நீ ஒரே வரியில, அந்த நீலத் துப்பட்டாப் பொண்ணு கறுப்பு, வேண்டாம்னு முடிச்சிட்டே. நான் அவ வீட்டுக்குப் போயி உனக்கு லீவு இல்லைன்னு மழுப்பினேன், அவ விடலை, நிஜக் காரணத்தைச் சொல்லுங்க மாமின்னா, சொல்லிட்டேன். அழுவான்னு பார்த்தா சிரிக்கா. அந்தப் போட்டோவுல மாதிரி பின்னால வெயில் அடிக்குத வெள்ளைச் சுவர் இருந்தா முகம் கறுத்துத்தான் தெரியும், மனசு எதையும் தனியாப் பார்க்காது மாமி, பக்கத்துல இருக்கதோட ஒப்பிட்டுத்தான் நிறம் சொல்லும்னா. அதே நாள், அதே துப்பட்டாவோட, நாலடி தள்ளி தேக்குக் கதவு முன்னால நிழல்ல பக்கவாட்டா நின்னு எடுத்த இன்னொரு போட்டோவைக் குடுத்து, வேற பொண்ணுன்னு அனுப்பிப் பாருங்கன்னா. எனக்கும் குறும்பு வந்துட்டுது, அனுப்பினேன்.

மூணே நிமிஷத்துல பதில் போட்டியே ராசா! பச்சைத் துப்பட்டாப் பொண்ணு நல்ல நிறம், களையான முகம், உடனே பேசி முடிங்கன்னு. ஏலே, அது நீலமும் இல்லை பச்சையும் இல்லை, மயில் கழுத்து நிறம். பொண்ணும் ரெண்டு இல்லை, ஒண்ணுதான். இவனைத்தான் பெரிய பெரிய கட்டடத்துக்குப் பெயிண்ட் நிறம் பார்க்க வச்சிருக்கானுவளான்னு வாப்பா சிரிச்ச சிரிப்புல, குறைஞ்ச இருமல் ரெண்டு நாளைக்குத் திரும்ப வந்துட்டுது.

எப்படியோ காரியம் கூடிட்டுதுன்னு நான் ஒரு கூறுகெட்டவ, அரைக் கிலோ அல்வாவை வாங்கிக்கிட்டு அவ வீட்டுக்கு ஓடினேன். ஒரு துண்டு எடுத்துத் தின்னுட்டு நிதானமாச் சொல்லுதா, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு மாமி, உங்க மகன் வேண்டாம், கதவு முன்னால நல்ல நிறமாத் தெரிஞ்சவ நாளைக்கு அடுப்படி பல்பு வெளிச்சத்துல திரும்பக் கறுப்பாத் தெரிவேன், ஆயுசுக்கும் நான் கதவு முன்னாலேயே நிக்க முடியுமான்னு கேட்டா. மினி பஸ்ல வரும்போது முக்காட்டை இழுத்து மூடிக்கிட்டு அழுதேன். நல்ல பிள்ளைலே அது. நமக்குக் குடுத்து வைக்கலை.

இனிமே எனக்குப் போட்டோ அனுப்புத வேலை கிடையாது. நோன்புக்கு முன்னால லீவு போட்டு வா, மனுசரை நேர்ல பார்த்துப் பேசிப் பழகு. அவகிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு தோணினா நம்பர் தர மாட்டேன், அவ கண்ணாடிக்கடையில டோக்கன் வாங்கிட்டு உட்காரு. வெயில்ல தண்ணி நிறையக் குடி, பஜ்ர் தொழுகையை விட்டுராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த கறுப்பு உம்மா,
மெஹர் பானு