மெஹர் அக்கா வீட்டு ஜன்னல்

என் அருமை மெஹர் அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் நம் ராயப்பேட்டை ஸ்டோர் எப்படி மாறிவிட்டது தெரியுமா? நடுவில் கிணறு, சுற்றிலும் எட்டு போர்ஷன், அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. மனுஷர்கள்தான் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் நாள் அடுப்பு மூட்டக் கூடாது, மற்ற வீடுகள்தான் சோறு போடும் என்பது நம் வழக்கம் இல்லையா? நாங்கள் வந்த அன்று, சமைத்ததைக் கொடுத்தால் என் மாமியார் தொடமாட்டார் என்று தெரிந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினீர்கள். அந்த வழக்கப்படி, உங்களுக்கு அடுத்த போர்ஷனில் குடிவந்த ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் புளியோதரை எடுத்துப்போனேன். "நாங்க வெளியில சமைச்சது சாப்பிடுறதில்லம்மா" என்று கதவிடுக்கு வழியாகப் பதில் வந்தது. தூக்குப் பாத்திரத்தோடு அப்படியே திரும்பி வந்தேன்.

அது போகட்டும். புதுப்பேட்டையில் மாமியார் வீட்டில் இடமில்லாமல் தவிக்கிறாளே உங்கள் பெண் ஷமீம், அவளுக்குக் காலியாகக் கிடக்கும் உங்கள் போர்ஷனையே கேட்டேன். வீட்டுக்காரர் மகன் தலையைச் சொறிந்தான்.

"இன்னா மாமி, ஒரே மாதிரி ஜனமா இருந்தா தகராறு இல்ல பாருங்க. கறி வாசனை ஒத்துக்காதுன்னு பக்கத்துல சொல்லிக்கினு கீறாங்க."

"இத்தனை வருஷமா அந்த வாசனைக்குப் பக்கத்துலதான் குடித்தனம் பண்ணிண்டிருந்தேன். எனக்கென்னடா ஆயிடுத்து?"

கிணற்றடியில் நின்ற நம் பழைய ஆட்களில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே. ரம்ஜானுக்கு உங்கள் வீட்டுச் சேமியாவைக் கேட்டு வாங்கித் தின்ற வாய்கள்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். அதை எடுக்க மட்டும் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

அவன் வீட்டிலும் கெரசின் க்யூவிலும் அந்தப் பையனை நச்சரித்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். ஓடிப்போய் ஷமீமிடம் சொன்னால், உங்கள் பெண் நிதானமாகச் சொல்கிறாள்.

"வேணாம் மாமி. திருவல்லிக்கேணியில எங்க ஆளுங்க தெருவுலயே வீடு பார்த்துட்டோம். அங்க யார் மூஞ்சியையும் பார்த்து பயந்து சமைக்க வேணாம்."

இதற்கா நான் இந்தப் பாடுபட்டேன்? திட்டத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் சொன்னது உறைத்தது. இவள் யார் முகத்தைப் பார்த்துப் பயந்தாள், அக்கா? நீங்களும் அப்படித்தான் சமைத்தீர்களா? மீன் வறுக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவீர்கள். பூனைக்காக என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை ஷமீம் புது வீட்டுக்குப் போகிறாள். அவள் அடுப்பு மூட்டுவதற்குள் புளியோதரைத் தூக்கோடு வாசலில் நிற்பேன். பிறகு ஒருநாள் அவள் மீன் வறுக்கும்போதும் போவேன். ஜன்னலை நானே திறந்துவைத்துவிட்டு, அவள் வறுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் தங்கை கமலா