உன் உறுமலுக்கு விட்ட இடம்

என் பிரியத்துக்குரிய செந்திலண்ணனுக்கு,

உன்னைக் கேட்காமல் கிடாருக்கு ஒரு டியூப் ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட்டேன். சரியானதைத்தான் வாங்கினேனா என்று இன்னும் தெரியவில்லை.

நம் பழைய ஆம்ப் போன மாதம் புகைந்து நின்றுவிட்டது. “அடுத்தது டியூப் ஆம்ப்தாண்டா, மெட்டல் பாட்டுக்கு அதுதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே, எது என்று சொன்னாயா? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். அப்படியே போய்விட்டாய்.

சனிக்கிழமை காலை நம் டிரம்மர் இஸ்மாயிலோடு ராயப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு ஆம்ப்களை எடுத்து வைத்து ஸ்விட்சைப் போட்டார்; உள்ளே கண்ணாடி டியூப்கள் மெல்லச் சிவந்தன. “டியூப் சூடாவட்டும் தம்பி, கொஞ்சம் இருங்க.”

முதல் ஆம்பின் ஒலி இறுக்கமாக, காய்ந்தாற்போல் இருந்தது. கீழ்த் தந்தியை உள்ளங்கையால் அழுத்தி அடித்தால் கத்தரித்த மாதிரி சட்டென்று நின்றது. மனிதக் குரல் ஒலிக்கிற அந்த நடு ஒலி குறைவு. எனக்குப் பழகியதும் அப்படித்தான். பகலெல்லாம் தி.நகர் கடையில் “அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்” என்று மெல்லப் பேசிப் புடவை விரிக்கிற நீ, சாயங்காலம் மைக் முன்னால் அடிவயிற்றிலிருந்து உறுமுவாய். அந்த உறுமலுக்கு இடம் விடத்தான் கிடாரில் நடு ஒலியைக் குறைத்தே வைத்திருந்தேன்.

இரண்டாவது ஆம்ப் நேர்மாறு. நடு ஒலி தடித்து, நெஞ்சில் வந்து முட்டியது. நீ இருந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன். உன் குரலை விழுங்கியிருக்கும்.

“பாடறது யாரு? குரல் எப்படி? அத வச்சித்தான் ஆம்ப் எடுக்கணும்” என்றார் கடைக்காரர், ஒன்றும் தெரியாமல்.

“இப்போதிக்கி யாரும் இல்லண்ணா” என்றான் இஸ்மாயில்.

முதலாவதை எடுத்தால் ஒவ்வொரு பாட்டிலும் நீ இருந்த இடம் பள்ளமாகக் கிடக்கும். இரண்டாவதை எடுத்தால் அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்த மாதிரி. நீ எதைச் சொல்லியிருப்பாய்? மாற்றி மாற்றி வாசித்துக் காது மரத்துப்போனதுதான் மிச்சம்.

“இன்னா மச்சி யோசிச்சிக்கினே கீற? கண்ண மூடிக்கினு வாசி. கை எதுல தானா ஓடுதோ, அத எடு” என்றான் இஸ்மாயில்.

கண்ணை மூடினேன். கை இரண்டாவதில்தான் ஓடியது. நீ போனபிறகு முதல்முறையாக வாசிப்பதில் சந்தோஷமாக இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை, அண்ணே. சந்தோஷப்படலாமா?

அதையே வாங்கி அபிராமபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்து நம் அறையில் வைத்தேன். சத்தத்தை ஏற்றினால்தான் டியூபுக்கு உயிர் வரும் என்பார்கள். ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நீ பாடத் தொடங்கும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

அம்மா அறை வாசலுக்கு வந்தாள்; சத்தத்துக்குத் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். “ஏண்டா நிறுத்திட்ட?” என்றாள்.

“அண்ணன் பாடுற இடம்மா.”

“தெரியும். வாசி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழுதாளா, எனக்குத் தெரியாது. நான் வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயில் வருகிறான். உன் வரிகளை யார் பாடுவது, பாடத்தான் வேண்டுமா, ஒன்றும் முடிவாகவில்லை. அந்த இடத்தில் தப்பாக வாசித்தாலும் வாசிப்பேன், நிறுத்த மாட்டேன். இது மட்டும் நிச்சயம்.

குழப்பம் தீராத உன் தம்பி,
குமரன்