நடுக்கட்டையில் நிற்கிற காய்

கடப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கிருபாகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, உன் தங்கை ரேணுகா, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கணும் என்று எல்லையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். உன் போன் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஈரானில் குண்டு விழுகிறது என்று டிவியில் காட்டுகிறான், எந்த ஊர் என்று பார்ப்பதற்குள் விளம்பரம் போட்டுவிடுகிறான். ரேணுகாதான் போனில் தேடி அந்த ஊரையும் நீ மீன் பிடிக்கிற தீவையும் மேப்பில் காட்டினாள், இரண்டுக்கும் நடுவே அவள் விரல் அகலம்கூட இல்லை. அப்பா கடலுக்கே போகவில்லை, வலையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கோபமெல்லாம் துபாயிலிருந்து லீவில் வந்த பார்த்திபனிடம் நீ கொடுத்தனுப்பிய அந்த ஊர்ப் பகடை ஆட்ட மரப்பெட்டி மேல்தான். பகடை வீட்டுக்குள் வந்ததால்தான் இப்படி, கடலில் வீசிவிட்டு வருகிறேன் என்று தூக்கிவிட்டார். "அதுல எம்புள்ள காய் கீது, தொட்டுப் பாரு" என்றேன், வைத்துவிட்டார். ஆளுக்கொரு பெட்டி வைத்துப் போனிலேயே ஆடி, போன் அறுந்த அன்றைக்கு நாம் விட்ட ஆட்டம் அப்படியே இருக்கிறது, உன் ரூமில் இருக்கிற பெட்டியிலும் நீ கலைத்திருக்க மாட்டாய். நான் உன் காயை வெட்டினேன், அது பெட்டியை இரண்டாகப் பிரிக்கிற நடுக்கட்டையில் ஏறி நிற்கிறது. வெட்டினால் இன்னொரு தரம் போடலாம் என்று நம்ம தாய ஆட்டப் பழக்கத்தில் மறுபடி உருட்டி, வெட்டுப்பட்ட காய் உள்ளே வருகிற என் பக்கத்து ஆறு கட்டத்தில் ஐந்தை அடைத்துவிட்டேன், தாயத்துக்கான ஒன்றுதான் மிச்சம். இந்த ஆட்டத்தில் அது கிடையாதும்மா என்று சிரித்தாய், சரி உனக்காக விட்டேன் என்றும் சொன்னாய். இனி தாயம் விழுந்தால்தான் உள்ளே வரமுடியும், இரு, உருட்டுகிறேன் என்றாய், அதோடு சத்தமில்லை. என்ன விழுந்ததோ தெரியவில்லை. பயமாக இருக்கிறது கிருபா. நான்தான் உன் வழியை அடைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது, பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் தோன்றுகிறது.

அங்கே சொல்கிற கதை என்று நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நம்ம நாட்டு ராஜா ஈரானுக்குச் சதுரங்கத்தை அனுப்பி, எப்படி ஆடுவதென்று முடிந்தால் கண்டுபிடி என்றாராம், அந்த ஊர் மந்திரி அதைக் கண்டுபிடித்துவிட்டு, நாளுக்கு இருபத்துநாலு மணி போல இருபத்துநாலு கட்டம், மாதத்துக்கு முப்பது நாள் போல முப்பது காய் என்று இந்த ஆட்டத்தைச் செய்து பதிலுக்கு அனுப்பினாராம். கதையோ நிஜமோ, போனதற்கு ஒன்று திரும்பி வந்ததல்லவா.

பார்த்திபன் மறுபடி துபாய்க்குக் கிளம்புகிறான், அங்கிருந்து யார் கையிலாவது இதை உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். படகு முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி உடம்போடேயே வைத்துக்கொள். வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் வேடிக்கை பார்க்க மேலே ஏறாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். வயிறு காயாமல் சாப்பிடு. எல்லையம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள், நீ நூறு வயசு இருப்பாய்.

ஒன்று மட்டும் மறக்காதே. இன்று காலை குளித்துவிட்டு வந்து, என் பக்கத்தை அடைத்திருந்த காய்களையெல்லாம் எடுத்துவிட்டேன். ஆறு கட்டமும் காலி. உன் காயை நான் தொடவில்லை, அதை நீதான் நகர்த்தணும். தாயம்தான் விழணும் என்று இனி இல்லை, எது விழுந்தாலும் வந்துவிடு.

உன் அம்மா,
சு. செங்கம்மாள்