எல்லாரும் ஏறியாச்சா

அன்பு மகளே,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுதப் போனேன், கை ஓடவில்லை. நான் சுகம். அப்பாவுக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். பயப்படாதே என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நானே பயந்துபோய் நிற்கும்போது உன்னைப் பயப்படாதே என்றால் நீ நம்ப மாட்டாய், சின்ன வயதிலிருந்தே என் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போடு என்று அப்பா எங்கிருந்தாலும் கத்துவார், இப்போது அடைத்த கதவுக்குப் பின்னாலிருந்தும் அதையேதான் செய்வார். அவர் காதில் விழக் கூடாததைச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், சமையல் மேடையில் காகிதத்தை வைத்து நின்றபடியே எழுதுகிறேன், இங்கிருந்து பார்த்தால்தான் அவர் அறைக் கதவு தெரிகிறது.

அப்பா தான் வேலை பார்க்கும் சுற்றுலாக் கம்பெனியின் பங்கை வாங்கிப் போட்டது உனக்குத் தெரியும். தொற்றுக்குப் பயந்து யாரும் எங்கும் போகாத அந்த நாட்களில், பேருந்துகள் எல்லாம் கொட்டகையில் நின்று டயர் பக்கத்தில் புல் முளைத்துக் கிடந்தபோது, பங்கு விலை ஒரு டீ விலைக்கு வந்துவிட்டது. இப்ப வாங்காதவன்தான் பின்னால வயித்துல அடிச்சுக்குவான் என்று சொல்லி, வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்ததைக் கொண்டுபோய்ப் போட்டார். அது நம் பாடு, போகட்டும். உனக்குத் தெரியாதது, அவர் பேச்சை நம்பி டிரைவர் நத்தையும் சமையல்கார அக்காவும் போட்டார்கள் என்பது. நத்தையை உனக்கு ஞாபகம் இருக்கும், காலி ரோட்டிலும் வேகமாக ஓட்ட மாட்டாரே, அவர்தான். அவர் மகளின் படிப்புக்கு வைத்திருந்ததைப் போட்டார். சமையல்கார அக்கா, சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு வழியெல்லாம் சமைத்துப் போட்டது போதும், சொந்தமாக ஒரு சின்னக் கடை வைக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்ததைப் போட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் மூன்று பேரும் நம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நான் பேப்பர் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அந்தப் பட்டம் இத்தனை வருஷம் பரணில் கிடந்தது, டிகிரி படிச்ச அண்ணி இருக்கும்போது நாம எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கணும் என்று நத்தை சொன்ன அன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது. கல்லூரியில் வருகைப் பதிவுக்கு நான் உள்ளேன் என்று சொல்வது ஆசிரியர் காதில் விழாமல் எத்தனையோ நாள் வராதவளாகவே போட்டுவிட்டார்கள், அப்படிப்பட்டவளை இவர்கள் சத்தமா, இன்னும் சத்தமா என்று படிக்க வைத்தார்கள். என்ன படிப்பேன்? எந்த நாட்டில் நூறு பேரில் எத்தனை பேருக்கு ஊசி போட்டாயிற்று என்று. பாதிப் பேருக்கு மேல் போட்டால் எல்லையைத் திறப்பார்கள், எல்லையைத் திறந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் பங்கு ஏறும், இதுதான் அப்பாவின் பாடம். எங்கோ ஒரு நாட்டில் எண்ணிக்கை கூடினால், யார் பெத்த பிள்ளைங்களோ, கையை நீட்டுதுங்களே, நல்லா இருக்கட்டும் என்று அக்கா மனசார வாழ்த்துவாள். அவங்க கையில ஏறினா நம்ம கையில ஏறும் அக்கா, சும்மாவா வாழ்த்தறீங்க என்று நத்தை சீண்டுவார். மருந்து தட்டுப்பாடு என்று எங்காவது செய்தி வந்துவிட்டால் துக்க வீடு மாதிரி ஆகிவிடும். இறங்கிடுச்சு என்ற வார்த்தையே இந்த வீட்டில் ஆகாது. மாடியில் துணி காயப் போட்டுவிட்டு நான் இறங்கிட்டேன் என்று ஒரு நாள் சொன்னதற்கு அப்பா, கீழே வந்துட்டேன்னு சொல்லு, உன் வாய்க்கு வேற வார்த்தையே கிடைக்கலையா என்று கோபித்துக்கொண்டார். சிரிப்பாகத்தான் இருந்தது அப்போது.

உலகத்தில் யாருக்கெல்லாம் ஊசி ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் தன் கையை நீட்டவில்லை. உனக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனபோது நீ அழவில்லை, உன்னை மடியில் வைத்திருந்தவர்தான் மயங்கி விழுந்தார் என்று எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வண்டியோடு போகிற கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள், அப்பாவும் வரிசையில் நின்றார், நத்தையும் அக்காவும் முதலில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா கடைசியாக வந்தார். நல்ல இறுக்கமான முழுக்கைச் சட்டை, மணிக்கட்டிலிருந்து கொஞ்சம்தான் சுருட்ட முடியும். முழங்கைக்குக் கீழே ஒரு பஞ்சை வைத்து ஒட்டியிருந்தார். மற்ற எல்லாருக்கும் பஞ்சு தோளுக்குக் கீழே இருந்தது. ரத்தம் எடுக்கும் இடத்தையும் ஊசி போடும் இடத்தையும் மாற்றிக்கொண்டுவிட்டார், பாவம், ஒட்டும்போதும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மறுநாள் அக்கா கையைத் தூக்க முடியாமல் முனகினாள், இவர் அதே கையால் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்தார். நான் பார்த்தேன். கேட்கவில்லை. அக்காவும் நத்தையும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கேட்பது, அவர்கள் போனதும் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

பிறகு முதல் பயணம் என்று அறிவித்தார்கள். பேருந்தின் இரண்டு பக்கமும் பெரிய துணியில், எங்கள் வண்டி ஊழியர்கள் அனைவரும் ஊசி போட்டவர்கள் என்று எழுதிக் கட்டினார்கள். அந்தச் செய்தி பேப்பரில் வந்த அன்று பங்கு நன்றாக ஏறியது, அக்கா கடைக்கு இடம் பார்க்கவே கிளம்பிவிட்டாள். எல்லாரும் போட்டாச்சா என்று கேட்டு மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய ஆள் யார் என்று நினைக்கிறாய்? அப்பாதான். போட்டாச்சு என்று சொல்லியிருக்கிறார். அதே வாரம் அவர் பக்கத்து மேசையில் டிக்கெட் போடும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்திருக்கிறார்கள். அவள் வண்டியோடு போகிறவள் இல்லை, அதனால் அவளுக்கு இன்னும் ஊசி போட முறை வரவில்லை. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கண்ணாடி எல்லாம் அடைத்த வண்டி, வயதானவர்கள் அத்தனை பேர், நடுவில் இவர். கிளம்புவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கும்போது வாயைத் திறந்தேன், அப்பா என்ன என்றார், சீப்பு வைச்சாச்சா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நம் கம்பெனி வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு காலத்தில் யாரோ ஒரு தாத்தாவை விட்டுவிட்டு வண்டி போய்விட்டது, அதிலிருந்து அப்பா படியில் நின்று எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்பார், தரையில் நிற்கும் ஒருவர் ஏறியாச்சு என்று சொன்னால்தான் நத்தை வண்டியை எடுப்பார். பருவத்தின் முதல் வண்டிக்கு அதைச் சொல்வது நான், அண்ணி வாய் ராசியான வாய், அதிகம் செலவாகாத வாய் என்று நத்தை கேலி செய்வார். முந்தாநாள் காலையும் நான்தான் நின்றேன். ஏறியவர்கள் எல்லாம் கையை ஆட்டினார்கள், போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்பா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு படியில் நின்று எல்லாரும் ஏறியாச்சா என்று கூவினார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பவும் கேட்டார். இன்னும் ஏறல என்றேன். யாரு, யாரு வரணும் என்று அப்பா கழுத்தை நீட்டித் தெருவைப் பார்க்கிறார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே, ஊசி, உங்களுக்கு இன்னும் ஊசி ஏறல என்று சொல்லிவிட்டேன் கண்ணு. வருகைப் பதிவில் யார் காதிலும் விழாத குரல், அன்றைக்குக் கடைசி சீட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. அப்பா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நத்தை எஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். அக்காதான் கரண்டியும் கையுமாகப் பின் வாசல் வழியாகக் குதித்து வந்து, வாய்யா பெரிய மனுஷா, ஊருக்கெல்லாம் கணக்குச் சொன்னியே, உன் கணக்கு எங்கேன்னு பார்ப்போம் என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து எதிரே இருந்த சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் ஓடினேன். போட்டார்கள். மயங்கி விழுந்தார். அவர் எழுந்து உட்கார்ந்ததும் அக்கா வண்டிக்குத் திரும்பிப் போனாள், போகும்போது என்னைப் பார்த்து, இதை ஒரு வாரம் முன்னாடி என் காதில மட்டும் சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாம முடிஞ்சிருக்கும்ல என்றாள். வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு வண்டி போனது. யாரோ எடுத்த படம் அன்று மாலைக்குள் எல்லார் போனிலும் சுற்றியது, பங்கு ஏறினதெல்லாம் போய் இன்னும் கீழே போய்விட்டது. நாங்களே கூப்பிடறோம், அதுவரைக்கும் வர வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து அப்பாவுக்குப் போன். நத்தை வழியிலிருந்து ஒரு தடவை பேசினார், அண்ணி, பங்கு கவிழ்ந்தாலும் வண்டி கவிழல, அதைப் பாருங்க என்றார், சிரிக்கத்தான் பார்த்தார், குரல் சிரிக்கவில்லை. மகள் படிப்பு அல்லவா. அக்கா பேசவில்லை. காலையில் பேப்பர் வந்து மடித்தபடியே மேசையில் கிடக்கிறது.

நேற்று மாலை அப்பாவுக்கு உடம்பு சுட்டது, கொஞ்சம் இருமலும் இருக்கிறது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஊசி போட்ட காய்ச்சலாவும் இருக்கலாம்மா, அதுன்னா நாளைக்குள்ள இறங்கிடும், மற்றதாவும் இருக்கலாம், பக்கத்து மேசைக்காரப் பெண்ணுக்கு வந்திருக்கே, தனி அறையில வைங்க, மூச்சு வாங்கினா உடனே கூப்பிடுங்க என்றாள். இரண்டுக்கும் சூடு ஒன்றுதானாம், தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாதாம். முடிவு நாளைக் காலையில்தான். முன்பே கேட்டிருந்தால் அவர் எப்போதோ போட்டுக்கொண்டிருப்பார், இன்றைக்கு இந்தச் சந்தேகமே இருக்காது என்றுதான் மனசு சுற்றிச் சுற்றி வருகிறது. கதவோரம் தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறேன், அவர் கை மட்டும் வெளியே வந்து எடுத்துக்கொள்கிறது, அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. இருமல் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

முந்தாநாளிலிருந்து அவர் என்னுடன் பேசவே இல்லை. இன்று மத்தியானம் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கதவிடுக்கில் நீட்டி வாங்கிப் படித்துக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து, ஏறிடுச்சா என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. காய்ச்சலா பங்கா என்று கேட்டேன். நீ எதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறியோ அதைத்தான் கேட்கிறேன் என்றார். அப்படியே இருக்கு, ஏறல என்றேன். சரி, நீ சாப்பிட்டியா என்றார்.

நீ உன் இரண்டாவது ஊசியைத் தள்ளிப் போடாதே, வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே, போட்டதும் கையைக் காட்டிப் படம் அனுப்பு, தோளுக்குக் கீழே. அப்பாவிடம் நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, சும்மா பேசுகிற மாதிரிக் கூப்பிடு, ஊசி என்ற பேச்சே வேண்டாம், அவர் தொப்பியைப் பற்றி ஏதாவது கேள். நத்தையின் மகள் படிப்பு நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று நீயும் யோசி, நாம் சொல்லித்தானே போட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராது, அம்மா மனசு முழுக்க உன்னோடுதான் இருக்கிறது, நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இரு.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நாளைக் காலையில் போனில் உனக்கு ஒரு வார்த்தை அனுப்புவேன். இறங்கிடுச்சு என்று வந்தால் பதறாதே கண்ணு. நம் வீட்டில் அதைக் கேட்டுச் சந்தோஷப்படப் போகிற முதல் நாள் அதுதான்.

கதவைப் பார்த்தபடி,
உன் அம்மா