கைது ஆகாத முப்பத்தேழு நாள்

5 மே, செவ்வாய்

ஈப்போவில் காலையிலேயே புழுக்கம். நான் வேலை செய்யும் ஃபார்மசியில் ஏர்கோன் கெட்டுவிட்டது.

அண்ணன் சீனாவில், ஷென்சென் லாக்கப்பில். இருபத்துநாலாவது நாள். விடுதி அறையில் சண்டை, கூட வேலை செய்யும் சௌவின் மூக்கை உடைத்துவிட்டான். வக்கீல் மட்டும்தான் உள்ளே போய்ப் பார்க்கலாம். வக்கீல் லீக்கு மாண்டரின்தான் தெரியும். வீட்டில் சீனப் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்தி.

அப்பா ஜாகா வேலை முடிந்து வந்து, காவலாளி யூனிஃபாமைக் கழற்றாமலே, "மஜிஸ்திரேட் முன்னால எப்ப நிறுத்துவாங்களாம்?"

"அங்க அப்படி இல்லப்பா."

"இங்க மலேசியாவுல இருவத்துநாலு மணி நேரம்தானே லா?"

இதுவரை தெரிந்தது:

- மூக்கெலும்பில் ஒற்றை விரிசல் என்றால் குற்ற வழக்கே இல்லை. நொறுங்கினால் குற்றம். சௌவுக்கு நொறுங்கிவிட்டது.
- போலீஸ் பிடித்து வைப்பது வேறு, கைது வேறு. கைதுக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகம் சம்மதிக்க வேண்டும். நீதிபதிக்கு இதில் இன்னும் வேலையே இல்லை.
- ஏழு நாள் பிடித்து வைக்கலாம். ஊர் ஊராகத் திரிந்து குற்றம் செய்பவன் என்றால் முப்பது. அரசு வழக்கறிஞர் முடிவெடுக்க இன்னொரு ஏழு. அண்ணன் வெளியூர்க்காரனாம், அதனால் முப்பத்தேழு. ஒரே அறை, ஒரே குத்து. எங்கே திரிந்தான்?

சீனாவைத் திட்ட வாய் வந்தது. விசாரணை இல்லாமல் அடைக்கும் சட்டம் இங்கும் இருக்கிறது. நாங்கள் இருந்த சுங்காய் எஸ்டேட்டை விற்றபின் எங்களோடு ஃப்ளாட்டுக்கு வந்த பையன்களில் சிலர் அதில் உள்ளே போனார்கள். அப்போது நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை.

9 மே, சனி

மழை. துணி காயவில்லை.

லீயின் குரல் செய்தி. மன்னித்துவிட்டதாகச் சௌ எழுதிக் கையெழுத்துப் போட்டால் அரசு வழக்கறிஞர் அதைக் கணக்கில் எடுப்பாராம். அதற்கு முன் நாங்கள் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். அடிபட்டவன் மனசு ஒரு தாளாகி ஃபைலுக்குள் போகிறது. விசித்திரம். தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

எழுதினேன். 'கறுப்புப் பேய்' என்று சௌ சொன்னதால்தான் அடி விழுந்தது என்பதையும் எழுதினேன். மூன்றாம் வகுப்பில் எனக்கும் கிடைத்த சொல்.

லீ: "அந்த வரிய எடு. மன்னிப்பு கேக்கறியா, சண்ட போடறியா?"

அப்பா: "எடுத்துடும்மா. எஸ்டேட்ல கேக்காத பேச்சா."

"அதான்ப்பா எரியுது."

எடுத்தேன்.

13 மே, புதன்

படித்தது: அடிபட்டவன் பக்கத் தப்பையும் அங்கே பார்ப்பார்கள். பிறகு ஏன் அந்த வரியை எடுக்கச் சொன்னாய் என்று லீயிடம் போனில் கத்தினேன். சிரித்தாள்.

"அரசு வழக்கறிஞருக்கு நான் எழுதின மனுவுல அதுதான் முதல் பத்தி. அறையில இருந்த இன்னொருத்தனும் சாட்சி சொல்லிட்டான். கடிதம் சௌவுக்கு, மனு அவங்களுக்கு. ரெண்டையும் ஒரே தாள்லயா எழுதுவாங்க?"

எனக்கு இது தோன்றவே இல்லை. சௌ கையெழுத்துப் போட்டுவிட்டான்.

18 மே, திங்கள்

முப்பத்தேழு.

லீயின் செய்தி, இரண்டே சீன எழுத்து. கைது இல்லை. ஜாமீனில் விடுகிறார்கள். வழக்கு முடியவில்லை, ஷென்சென்னை விட்டு நகரக் கூடாது.

அப்பா: "அப்ப இத்தன நாளு உள்ள வெச்சிருந்தது என்னாவாம்?"



ஆறு மணிக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"என் பேர்ல மன்னிப்பு கேட்டியாமே. எவ்ளோ கெஞ்சின?"

"அரைப் பக்கம்."

"அவன் என்னைச் சொன்ன சொல்லு?"

"வேற தாள்ல இருக்கு. நம்பர் போட்டு, முத்திரை குத்தி."

"சரி, அப்பாட்ட குடு."