பதினாலாவது இன்னிங்ஸில் ஏது வெளிச்சம்?

ஹாமில்டன், ஒஹையோ
பிப்ரவரி, வியாழக்கிழமை

அன்புள்ள டெனிஸுக்கு,

நானும் அம்மாவும் நலம் என்று ஆரம்பிப்பதுதான் மரியாதை, அதனால் இப்போதைக்கு நலம் என்றே வைத்துக்கொள். நீ அங்கே பூமியின் அடுத்த பக்கம், வெலிங்டனில், கோடை வெயிலில் சுகமாக இருப்பாய், உன் உடம்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, உன் நாணயத்தைப் பற்றித்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சந்தேகமாக இருக்கிறது. ஃபோனில் கேட்டிருக்கலாம். கேட்டால் "அப்பா, லைன் சரியா கேக்கல" என்று மழுப்புவாய், அம்மா வேறு சமையலறை ஃபோனை எடுத்து மூச்சு விடாமல் ஒட்டுக் கேட்பாள். கடிதம் என்றால் நடுவில் பேச்சை மாற்ற முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பனி முழங்கால் அளவு கொட்டிக் கிடக்கிறது, ஆனால் நான் மண்வாரியைத் தொட்டு வெகுநாளாகிறது, ஏனென்றால் நான் பூட்ஸ் மாட்டுவதற்குள் பக்கத்து வீட்டு வெர்ன் வந்து நம் வாசலையும் வழித்துவிட்டுப் போய்விடுகிறான். இத்தனை வருஷத்தில் நம் வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்த தன் மரத்து இலையைக்கூட வாராத வெர்ன். என்னடா திடீர் சேவை என்று கேட்டால், "சும்மாதானே இருக்கேன் கிளெம், எனக்கும் கொஞ்சம் கை கால் அசையணும்ல" என்கிறான், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கோட்டுப் பொத்தானைப் பார்க்கிறான். அம்மாவும் மாறிவிட்டாள். சனிக்கிழமை காலையானால் பன்றிக்கறியும் ஓட்ஸும் சேர்த்த கெட்டாவை ஓரம் கருக வறுத்துப் போடுவாளே, அது நின்றுபோய்விட்டது. இப்போது அதே ஓட்ஸ் வெறும் தண்ணீரில் வெந்து வருகிறது. பன்றி எங்கே போயிற்று என்று கேட்டேன். "கடையில நல்லதா இல்லைங்க" என்றாள். நம் ஊரில் நல்ல கெட்டா கிடைக்காத கடை ஒன்று இருந்தால் அதை மறுநாளே இழுத்து மூடியிருப்பார்கள். போதாததற்குக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு யாரிடமோ ஃபோனில் பேசுகிறாள். தொட்டியில் ஒரு பாத்திரம் கிடையாது, தண்ணீர் மட்டும் ஓடுகிறது. நான் உள்ளே நுழைந்தால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். அவள் "சரிம்மா" என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். விதிகளை எல்லாம் மறந்தவள்போல் நீ நடந்துகொள்வதால் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நிஜ பேஸ்பால் ஓய்ந்து கிடக்கும் குளிர்காலத்தில் நீயும் நானும் வேறு வேறு காலத்துப் பெரிய அணிகளை மோதவிட்டுப் பார்க்கிறோம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை, அந்த வருஷம் அவன் எப்படி ஆடினானோ அதற்கேற்ற எண்கள், பகடையை உருட்டி விழுந்ததை அட்டையில் பார்த்தால் அடியா அவுட்டா என்று தெரிந்துவிடும். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக நின்றால் ஒருவர் முந்தும்வரை ஆட்டம் நீளும். செத்துப் போனவர்களும் கிழவர்களாகிவிட்டவர்களும் நம் நிலவறை மேசைமேல் மறுபடி இளவட்டமாக ஓடுவார்கள். இந்த வருஷம் மற்ற அணிகள் எல்லாம் வெளியே போய் உன் 1927 நியூயார்க்கும் என் 1975 சின்சினாட்டியும் இறுதிப் போட்டிக்கு நிற்கின்றன. ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயித்தவர் வெற்றி. முதல் இரண்டு ஆட்டம் என் வீட்டில் என் பகடை, அடுத்த மூன்று உன் வீட்டில் உன் பகடை, மிச்சம் இருந்தால் மறுபடி இங்கே. உருட்டுபவர் ஃபோனில் சொல்வதை மற்றவர் நம்பவேண்டும், அவ்வளவுதான் காவல். தோற்றவர் ஜெயித்தவர் வீட்டுக்கு நேரில் வந்து கைகுலுக்க வேண்டும். பெரும்பாலும் நீதான் வந்திருக்கிறாய். நான் தோற்றது ஒரே ஒரு முறை, அந்த விமானத்தில் மடக்கு நாற்காலி மாதிரி மடங்கி உட்கார்ந்து பசிபிக் கடல் எப்போது தீரும் என்று பார்த்துக்கொண்டே வந்து, இனி செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று உன் வீட்டு வாசலிலேயே சொன்னேன். நீ சிரித்தாய்.

இங்கே நடந்த இரண்டு ஆட்டத்திலும் நீ ஜெயித்தாய். என் பகடை என் கையாலேயே என்னைக் கவிழ்த்தது, வயிறு எரிந்தாலும் உள்ளதை உள்ளபடிதான் உனக்குச் சொன்னேன். பிறகு ஆட்டம் உன் ஊருக்கு வந்ததும் காற்று திரும்பிவிட்டது. மூன்றாவது ஆட்டம் எனக்கு. நான்காவதும் எனக்கு. உன் பெரிய வயிற்றுக்காரர், வேலி தாண்டி அடிப்பதே தொழிலாக உள்ளவர், இரண்டு ஆட்டத்திலும் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகத் தொடவில்லை என்றாய். அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஜெயிக்கிற ஆசையில் உறுத்தலை விழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது ஆட்டம். ஃபோனில் நீ போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. "பதினாலாவது இன்னிங்ஸ்ப்பா! ரெண்டு பக்கமும் சமம்! உங்க ஆளு தூக்கி அடிச்சான் பாருங்க, பந்து வேலிக்கு அந்தாண்ட! அப்புறம் எங்க பக்கம் எல்லாம் அவுட்டு, ஜெயிச்சிட்டீங்க!" நானும் குதித்தேன், மறைப்பானேன். இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்தால் நீ வரவேண்டும். செருப்போடு பனியில் இறங்கி வேலியோரம் நின்று வெர்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கிளீவ்லாந்துக்காரன் என்பது உனக்குத் தெரியும், சின்சினாட்டி அணியின் பேரைக் கேட்டாலே எச்சில் துப்புகிறவன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "ரொம்ப சந்தோஷம் கிளெம். நீதான் ஜெயிக்கணும்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். குளிரில் எல்லோரும்தான் மூக்கை உறிஞ்சுவார்கள், ஆனால் அது வேறு உறிஞ்சல். சந்தோஷம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்து, ஆறாவது ஆட்டத்துக்கு அட்டைகளை அடுக்கிவைக்கலாம் என்று நிலவறைக்குப் போனேன். விளக்குக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், விளக்கு எரிந்தது, கயிற்றை விடாமல் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்று உனக்கே தெரிந்திருக்கும். நீ பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது இதே நியூயார்க்கை வைத்துக்கொண்டு பதிமூன்றாவது இன்னிங்ஸில் தோற்கப் போனாய். சட்டென்று எழுந்து இந்தக் கயிற்றை இழுத்து அறையை இருட்டாக்கிவிட்டு, "இருட்டிடுச்சுப்பா, ஆட்டம் நின்னுடுச்சு. இருபத்தேழுல அந்த மைதானத்துல விளக்கு ஏது?" என்றாய். உண்மைதானே, அந்தக் காலத்தில் எல்லாம் பகல் ஆட்டம்தான். அன்றிலிருந்து அது நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது: பழைய அணியின் மைதானத்தில் பன்னிரண்டு இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக நின்றால் விளக்கை அணைத்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும், மறுநாள் மறுபடி உருட்ட வேண்டும். உன் அணி தோற்க இருந்தபோதும் ஜெயிக்க இருந்தபோதும் அந்தக் கயிற்றை இழுத்தவள் நீ. ஐந்தாவது ஆட்டம் உன் மைதானத்தில், 1927-ல். பதினாலாவது இன்னிங்ஸில் என் ஆள் அடித்த பந்து வேலி தாண்டியதை யார் பார்த்தது, எந்த வெளிச்சத்தில் பார்த்தது? பகடையை உருட்டிய பெண்ணாக இருந்தால் பன்னிரண்டிலேயே கை தானாக விளக்கைத் தேடியிருக்கும். நீ உருட்டவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கதை கட்டியிருக்கிறாய், மூன்று ஆட்டமும் கதைதான்.

நீ தோற்க மாட்டாய் டெனிஸ். அட்டை விளையாட்டில் கன்னியாஸ்திரிகளிடமே சண்டை பிடித்த பெண் நீ. அப்படிப்பட்டவள் வேண்டுமென்றே தோற்கிறாள் என்றால் இங்கே வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று அர்த்தம். மாடிக்குப் போய் உன் அறையைத் திறந்தேன். கட்டிலில் புது விரிப்பு, தலையணைக்குப் புது உறை, ஜன்னலோரத்தில் ஹீட்டர். கீழே வந்து சமையலறை வாசலில் நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்து, "நான் அவகிட்ட எதுவும் சொல்லலீங்க" என்றாள். நான் எதுவும் கேட்கவே இல்லை. திருட்டுக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் உன் அம்மாவைச் சேர்க்கக் கூடாது.

ஆக உனக்குத் தெரியும். என் வாயாலேயே கேட்டுக்கொள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, மார்ச் கடைசியில் நெஞ்சைத் திறந்து மாற்றப் போகிறார்கள். டாக்டர் உன்னைவிடச் சின்னவர், ஓட்டக்காரர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு வருகிறார். "உங்க வயசுக்கு நல்லா தாங்குவீங்க" என்றார். என் வயசுக்கு என்று ஏன் சேர்த்தார் என்று அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்த பிறகு உனக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அந்தச் சத்தியம் குழாய்த் தண்ணீரோடு போயிற்று. பயமாகத்தான் இருக்கிறது. படுத்தால் இடது பக்கம் திரும்பப் பயம், மாடிப்படி ஏறப் பயம். அதைவிட மோசம் என்னவென்றால் வெர்ன் பனி வழிக்கிறான், அம்மா உப்பில்லாமல் சமைக்கிறாள், நீ தோற்றுக் கொடுக்கிறாய். எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஜெயிக்கவைத்து வழியனுப்பப் பார்க்கிறீர்களோ என்று தோன்றுகிறது. போகிறவனுக்குத்தான் இப்படி விட்டுக்கொடுப்பார்கள்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆட்டங்கள் செல்லாது. உன் இரண்டு வெற்றி அப்படியே நிற்கிறது, எனக்குப் பூஜ்யம். இந்தக் கடிதம் கிடைத்ததும் பகடையைத் தேடி எடுத்து மறுபடி உருட்டு, ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருட்டு, தட்டில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கவேண்டும். மெத்தென்ற துணிமேல் உருட்டி ஏமாற்றலாம் என்று பார்க்காதே. ஆஸ்பத்திரிக்கு நீ வரவேண்டும் என்றால் மகளாக வா, அதற்குத் தோற்கத் தேவையில்லை, விரிப்புதான் ஏற்கெனவே போட்டாயிற்றே. ஆனால் ஆட்டத்தில் கை வைக்காதே. ஏனென்றால் இந்தத் தடவை நான் தோற்கத்தான் பார்க்கிறேன். நேர்மையாக, உன் பகடையில், உன் பெரிய வயிற்றுக்காரர் என் ஆட்களைத் துவைத்து எடுத்துத் தோற்கவேண்டும். தோற்றால் விதிப்படி நான் உன் வீட்டுக்கு வந்தே ஆகவேண்டும். அந்தப் பாழாய்ப்போன விமானத்தில் ஏறி, அத்தனை கடலையும் தாண்டி வந்து, உன் வாசலில் நின்று கை நீட்டவேண்டும். அப்படி ஒரு பாக்கி தலைமேல் இருக்கிறவன் மார்ச்சில் ஆட்டத்தின் நடுவே எழுந்து போக முடியாது. டாக்டர் சொல்கிற எதையும்விட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் கைக்கு நல்ல எண்ணாக விழட்டும். குளிருக்கு வருவதானால் கனமான கோட்டு எடுத்துக்கொள், அங்கே இருக்கிறதெல்லாம் இங்கே உதவாது. அம்மா ஃபோன் செய்தால் கடிதத்தைப் பற்றி எதுவும் தெரியாததுபோல் பேசு, அதில் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம் இருக்கிறது. ஒன்றே ஒன்றை மறக்காதே: பன்னிரண்டு இன்னிங்ஸ் முடிந்து சமமாக நின்றால் விளக்கை அணைத்துவிடு. ஆட்டம் முடிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை, மறுநாள் மறுபடி உருட்டலாம்.

தோற்கக் காத்திருக்கும் உன் அப்பா,
கிளெம் நீஹவுஸ்