எண் அழிந்த இரண்டு கற்கள்

என் தங்கமே உலகம்மா,

சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் குற்றாலம் பஸ்ஸில் ஏற இடமில்லை, மொட்டை மாடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. உன் அண்ணன் மேற்கே பார்த்து, "இன்னைக்கு அருவியில நல்லாத் தண்ணி விழும்" என்று சொல்லிவிட்டு, குளிக்கப் போகாமல் பேப்பர் படிக்கிறார். நீ போன இந்த ஒன்றரை வருஷத்தில் அது மட்டும் மாறவில்லை.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

ஜன்னல் திட்டில் இரண்டு கற்கள் வைத்திருந்தாயே, மாங்காய் அளவில். ஒன்று பழைய குற்றாலத்துக்குப் போகிற வழியில் ஓடைக்கரைப் பாறையிலிருந்து நீ உடைத்தது. மற்றது மடகாஸ்கர் தீவிலிருந்து, நாலு சேலையை அங்கேயே யாருக்கோ கொடுத்துவிட்டுப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தது. "வீடா, கல்குவாரியா?" என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டதும் அந்தக் கற்களைப் பற்றித்தான். "மதினி, குத்தாலத்துக் கல்ல எடுத்த இடத்துலயே வச்சிருங்க. மத்தத காலேஜுக்குக் குடுத்துருங்க." சரி என்று தலையாட்டினேன்.

போன ஆயுதபூஜைக்கு உன் சுத்தியலுக்கும் லென்சுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கற்களை மட்டும் விட மனசு வரவில்லை. தூசியோடு பொட்டு வைக்கக் கூடாதே என்று புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட் தீற்றி அதன்மேல் நீ எழுதியிருந்த எண்ணை ஏதோ கறை என்று நினைத்து, இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று வந்துவிட்டது. அப்புறம்தான் அது நீ எழுதிய எண் என்று உறைத்தது.

"எங்க எடுத்ததுன்னு தெரியாத கல்லு, வெறும் ரோட்டுக் கல்லு மதினி" என்று நீதானே சொல்வாய்? நீ என்னை நம்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் துலக்கிக் கவிழ்த்துவிட்டேன். எது குற்றாலம், எது மடகாஸ்கர்? யாரிடமும் சொல்லாமல் ஏழு மாதம் அவற்றைப் பார்க்காமலே ஜன்னலைச் சாத்தித் திறந்தேன்.

போன மாதம், கல்லூரியில் உன்னோடு ஜியாலஜி பாடம் நடத்திய பெனிட்டா கல்லை வாங்க வந்தாள். உண்மையைச் சொன்னேன். லென்சைக் கண்ணருகே வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல அக்கா."

"உனக்கே தெரியலையா?"

"ரெண்டுலயும் அதே செவப்புக் கார்னெட் மணி, அதே வரி. நம்ம ஊரும் மடகாஸ்கரும் ஒருகாலத்துல ஒட்டியிருந்த ஒரே நெலம்னு உலகம்மா காலமெல்லாம் சொன்னது இதத்தான." சொல்லும்போதே அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

இரண்டிலும் ஒரு சில்லு வெட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினாள். கல்லுக்குள் வெளிச்சம் போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மணிமணியாக வெள்ளையும் சாம்பலும், கோடு கோடாக, திருப்பத் திருப்ப மின்னி அணைந்தன. சிவப்புக் கார்னெட் மட்டும் எப்படித் திருப்பினாலும் கருப்பாகவே நின்றது; அந்த மைக்ராஸ்கோப்பில் அதன் குணம் அப்படியாம். அடுத்த கல்லின் கண்ணாடியிலும் அதே.

நான் தோசை சுட, நீ பக்கத்தில் நின்று சொன்னது அன்றைக்குத்தான் விளங்கியது. படிந்து படிந்து உண்டான பாறையில் எது கீழே, எது மேலே என்ற வரிசையையும் உள்ளே கிடக்கும் சிப்பியையும் வைத்து, இந்த ஊர் அடுக்கும் அந்த ஊர் அடுக்கும் ஒன்று எனலாம் என்றாய். நம் ஊர்ப் பாறை பூமிக்கடியில் வெந்து மடிந்ததால் சிப்பியும் இல்லை, வரிசையும் குலைந்துவிட்டது. எந்த மணிகள் சேர்ந்து வெந்தன, எப்போது வெந்தன என்றுதான் பார்க்க வேண்டும். நான் முழித்ததும், "ஒரு சேல ரெண்டாக் கிழிஞ்சா எத வச்சுச் சேப்பிய? பார்டர வச்சுத்தான?" என்றாய்.

பெனிட்டா பார்த்தது பார்டர். அது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சேலை கட்டுகிறவளுக்குத் தெரியும், கிழிசலும் பொருந்த வேண்டும்.

நேற்று இரண்டு கற்களையும் பையில் போட்டுக்கொண்டு, உன் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். இடம் எனக்கு மறக்குமா? நீ உடைத்தபோது குடை பிடித்தவள் நான்தானே. பாறையில் அந்தக் காயம் அப்படியே இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் பாசி. முதல் கல்லை எப்படி வைத்தாலும் ஆடியது. இரண்டாவதைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.

"ஏட்டி, கல்லு பொருந்தி உக்காந்துட்டு, பாரு!" என்று உன் அண்ணன் கத்திவிட்டார். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்படியே பாறைமேல் உட்கார்ந்து அழுதேன்.

மற்றதற்கும் ஒரு காயம் அங்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும், இல்லையா? அதை யார் தொட்டுப் பார்ப்பார்?

அந்தக் கல்லை உடனே பையில் போட முடியவில்லை. குற்றாலத்துக் கல்லோடு ஒட்டி வைத்தேன். ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் ஒரே மலைக்கு அடியில் சேர்ந்து வெந்தவை. நடுவில் ஒரு கடலே வந்துவிட்டது. நேற்று ஐந்து நிமிஷம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாரலில் நனைந்தன. உன் அண்ணன் ஒருதடவைகூட "போவோமா" என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை மற்றதைக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறேன். எண் உன் நோட்டில் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ட் தீற்றி நானே எழுதுவேன். அழித்த கைதானே எழுத வேண்டும். ஆயுதபூஜைக்கு அங்கே யாரும் அதைப் புளி போட்டுத் தேய்க்காமல் வருஷா வருஷம் போய்ப் பார்த்துக்கொள்வேன். இது சத்தியம்.

அன்றைக்குக் குடை பிடித்த,
உன் மதினி கோமதி